மாம்பலம் ஏரியும் 1873-ம் வருஷத்து மேப்பும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். காபி டம்ளரோட உட்கார்ந்துடுங்க :-)

கதை ஒரு குழியில் இருந்து ஆரம்பிக்குது. எங்க மாமா இருக்கிறது தி.நகரில், ஜி.என்.செட்டி ரோட்டிலிருந்து ரெண்டு தெரு உள்ளே தள்ளி, பன்னிரண்டு வீடு இருக்கிற ஒரு பழைய அடுக்ககம். 2021 நவம்பர் 6 ராத்திரி பிடிச்ச மழை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் காலை நுங்கம்பாக்கம் கணக்குப்படி 20 செ.மீ.க்கு மேல். மாமா வீட்டில் கார் நிறுத்துற இடத்தில் முழங்கால் அளவு தண்ணி. மழை விட்டு நாலு நாள் ஆகியும் வடியலை. லிஃப்ட் மோட்டார் போச்சு. சம்புக்குள்ள சாக்கடை இறங்கிடுச்சு. மூணாவது மாடிப் பாட்டிக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வச்சு நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போய் மெயின் ரோட்டில் ஆட்டோ ஏத்தினாங்க. அதில் ஒரு கால் பிடிச்சவன் நான்.

தண்ணி வடிஞ்சதும் சங்கத்தில் மீட்டிங். பழைய மழைநீர்க் குழி 2003-ல் அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு சொன்னப்ப அவசர அவசரமா கட்டினது, பேருக்குத்தான் இருந்துச்சு. புதுசா போடணும்னு முடிவு. பெசன்ட் நகரில் ஒரு வீட்டுக்குப் போட்டு நல்லா வேலை செய்யுதுன்னு ஒரு காண்டிராக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அதே அளவு, அதே டிசைன். மூணடி அகலம், பத்தடி ஆழம், கீழே ஜல்லி, மேலே மணல், மொத்தம் நாலு குழி. வீட்டுக்கு ஒன்பதாயிரம் வசூல்.

அடுத்த மழையில் நாலு குழியும் ரெண்டு மணி நேரத்தில் ரொம்பிச்சு. ரொம்பினது அப்படியே நின்னுச்சு. பத்து நாள் கழிச்சு மூடியைத் தூக்கிப் பாத்தா அதே மட்டத்தில் தண்ணி, இலவச இணைப்பா கொசு. காண்டிராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டா, "பெசன்ட் நகர்ல ஜம்முனு இறங்குது சார். உங்க மண்ணு சரியில்லை"ன்னுட்டுப் போயிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். "நீதான் பழைய புஸ்தகம், பழைய மேப்புன்னு அலையறவனாச்சே. நம்ம மண்ணு என்ன மண்ணுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லேண்டா."

இப்படித்தான் நிலவியல் வரைபடம்கிற கிணத்துக்குள்ள விழுந்தேன்.

சாதாரண மேப்பில் ரோடு, ஆறு, கோயில் இருக்கும். நிலவியல் மேப்பில் தரைக்குக் கீழே என்ன இருக்குன்னு நிறம் தீட்டி இருக்கும். இந்த நிறம் வண்டல், இந்த நிறம் பாறை, இந்த நிறம் செம்புரைக்கல்னு ஓரத்தில் ஒரு பட்டியல். இந்தியாவில் இந்த வேலைக்குன்னே இருக்கிறது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், ஆங்கில எழுத்துகளில் ஜி.எஸ்.ஐ. தாமஸ் ஓல்டாம் என்கிற ஐரிஷ்காரர் 1851-ல் வந்து பொறுப்பேத்துக்கிட்டது முதல் கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலக்கரி வேணும், அதுக்காகத்தான் ஆரம்பிச்சாங்க. சென்னைப் பக்கம் நிலக்கரி இல்லை. ஆனாலும் ஆள் அனுப்பினாங்க.

அனுப்பின ஆள் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1858-ல் வேலைக்குச் சேர்ந்தவர். 1863 மே 30-ம் தேதி பல்லாவரம் பரேடு மைதானத்துப் பக்கம் சரளைக்கல் தோண்டின குழியில் இருந்து ஒரு கற்கோடரியைக் கையில் எடுத்தார் பாருங்க, அதில் இருந்துதான் இந்தியப் பழைய கற்கால ஆராய்ச்சியே பிறந்தது. இது நம்ம மக்கள் நிறைய பேர் எழுதிட்டாங்க. அதிகம் பேர் எழுதாதது, அவர் அப்ப பல்லாவரத்தில் எதுக்கு சுத்திக்கிட்டிருந்தார்ங்கிறது. மேப் போடத்தான். ஊர் ஊரா நடந்து, குதிரையில் போய், கிணத்தையும் ஓடைக்கரையையும் எட்டிப் பாத்து, குறிப்பெடுத்து, கடைசியில் 1873-ல் ஜி.எஸ்.ஐ. மெமாயர் பத்தாம் தொகுதியில் அச்சாச்சு. பாலாற்றுக்கு வடக்கே இருக்கிற சென்னை, வட ஆற்காடு மாவட்டப் பகுதிகளோட நிலவியல், இந்தியன் அட்லஸ் 78-ம் தாள். தலைப்பே ஒரு மூச்சு வாங்கும்.

இந்தப் புத்தகம் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமா கிடைக்குது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்திலும் மெமாயர் வரிசை இருக்கு. தேடும்போது ஒரு சூட்சுமம்: ஊர்ப் பேரை இப்ப எழுதுற மாதிரி போட்டா ஒண்ணும் வராது. ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் எல்லாம் வெள்ளைக்காரன் வாயில் நுழைஞ்ச விதத்தில்தான் இருக்கும். தொகுதி எண்ணும் வருஷமும் போட்டுத் தேடுறதுதான் நல்லது.

இறக்கிட்டு ஆசை ஆசையா கடைசிப் பக்கத்துக்குப் போனேன். மடிச்சு வச்ச மேப்பை விரிக்காமலேயே ஸ்கேன் பண்ணியிருக்கான் புண்ணியவான். மேப்போட முதுகுப்பக்கம்தான் தெரியுது! இது இந்த ஒரு புத்தகத்தில் மட்டும்னு நினைக்காதீங்க, பழைய புத்தக ஸ்கேன்களில் பாதிக்கு இந்தக் கதிதான். ஒரே தொகுதியை நாலஞ்சு நூலகங்கள் தனித்தனியா ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கும். ஒவ்வொண்ணா இறக்கிப் பாக்கணும். எவனோ ஒருத்தன் பொறுமையா விரிச்சு வச்சிருப்பான். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. கிடைச்சுது.

கிடைச்சு என்ன பிரயோஜனம்? இந்தியன் அட்லஸ் அளவு, ஒரு அங்குலத்துக்கு நாலு மைல். தி.நகர் மொத்தமும் என் சுண்டுவிரல் நகத்துக்குள்ள அடங்கிடும். அந்த நகம் முழுக்க ஒரே நிறம், வண்டல். பெசன்ட் நகருக்கும் அதேதான், மயிலாப்பூருக்கும் அதேதான். அந்தக் காண்டிராக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு தோணிடுச்சு :-(

ஆனா மேப்பை அவ்வளவு சுலபத்தில் மூட மனசு வரலை. தெற்கே கண்ணை ஓட்டினா, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பழைய கெட்டிப் பாறை தலை தூக்குது. இந்தப் பாறைக்குப் பின்னாடி ஒரு கதை. கல்கத்தாவை நிறுவினவர்னு சொல்லப்பட்ட ஜோப் சார்னாக் 1690-களில் செத்ததும், அவர் கல்லறைக்கு வைக்க கல்லை நம்ம பல்லாவரம் பக்கமிருந்துதான் கொண்டு போனாங்க. இருநூறு வருஷம் கழிச்சு, 1893-ல், தாமஸ் ஹாலந்து என்கிற ஜி.எஸ்.ஐ. அதிகாரி இந்த வகைப் பாறைக்குப் பேர் வைக்கணும்னு வந்தப்ப, அந்தக் கல்லறையை நினைச்சு 'சார்னோக்கைட்'னு வச்சார். 1900-ல் மெமாயர் 28-ம் தொகுதியில் அதைப் பத்தி விரிவா எழுதினார். உலகத்தில் எந்த மூலையில் இந்தப் பாறை கிடைச்சாலும் அதே பேர்தான். கல்லு நம்மூர்து, பேர் கல்கத்தாக்காரர்து. சார்னோக்கைட்னா 'பல்லாவரைட்'னு வச்சிருக்கலாமேன்னு மாமாவுக்கு இன்னிக்கும் ஆதங்கம். இப்ப பரங்கிமலைப் பாறை தேசிய நிலவியல் சின்னம். விமான நிலையம் போற வழியில் தினம் லட்சம் பேர் கடந்து போறோம்.

அந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1802-ல் லாம்டன் இந்தியாவையே அளக்கப் போட்ட அடிக்கோடு பரங்கிமலைப் பக்கத்தில் ஆரம்பிச்சுது, ஏழரை மைல் நீளம். ஊரை அளக்கிறவனும் மண்ணைப் படிக்கிறவனும் ஒரே கல்லில் வந்து நின்னிருக்காங்க.

சரி, பெரிய அளவில் மேப் வேணும்னு அடுத்த வேட்டை. இங்கே ஒரு வேடிக்கை சொல்லணும். கடலோர மாவட்டங்களோட விவரமான சர்வே மேப்புகள் ரொம்ப வருஷமா பாதுகாப்புக் காரணம் சொல்லி பொதுமக்களுக்குத் தரமாட்டாங்க. சென்னை கடலோரம் ஆச்சே, நம்ம தெரு மேப்பை நாமே வாங்க முடியாது. அதே சமயம், 1950-களில் அமெரிக்க ராணுவம் இந்தியாவுக்குப் போட்ட மேப் வரிசையை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் சும்மா திறந்து வச்சிருந்துச்சு. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், நாம எல்லாம் அங்கே இருந்துதான் இறக்குவோம். 2005-ல் தேசிய வரைபடக் கொள்கை வந்து கொஞ்சம் தளர்ந்துச்சு. 2017-ல் சர்வே ஆஃப் இந்தியா தாள்களை இந்தியக் குடிமக்கள் இணையத்திலேயே இறக்கிக்கலாம்னு ஆச்சு. 2021 பிப்ரவரியில் விதிகள் இன்னும் தளர்ந்துச்சு. சென்னைக்கு 66 சி, 66 டி வரிசைத் தாள்கள் பாக்கணும்.

நிலவியலுக்கு ஜி.எஸ்.ஐ.யோட 'பூகோஷ்' தளம். பேர் பதிஞ்சுக்கிட்டு உள்ளே போனா, 50,000-க்கு ஒண்ணுங்கிற அளவில் பாறை வகை, நில அமைப்பு எல்லாம் தனித்தனி அடுக்கா வரும், இலவசம். 2023 டிசம்பர்ல தேசிய புவிஅறிவியல் தரவுக் களஞ்சியம்னு இன்னொண்ணும் திறந்தாங்க. பொறுமை வேணும். நான் பாத்தப்ப பாதி தடவை தளம் சுத்திக்கிட்டே நின்னுச்சு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல முயற்சி பண்ணுங்க, சட்டுனு வருது. இறக்கினதை கியூஜிஸ் என்கிற இலவச மென்பொருளில் திறக்கலாம்.

இப்பத்தான் கண் திறந்துச்சு. தெற்கே கிண்டி, தரமணி, வேளச்சேரிப் பக்கம் சார்னோக்கைட் மேலாகவே கிடக்குது. கடலோரமா பெசன்ட் நகர், திருவான்மியூர் பட்டை கடல் போட்ட மணல். மழைத்தண்ணி அந்த மணலில் வடிகட்டி மாதிரி இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணி மேலே நல்ல தண்ணியா மிதக்கும். அதிகமா இறைச்சா உப்பு மேலே ஏறி வரும்ங்கிறது வேற கதை. கூவத்துக்கும் அடையாத்துக்கும் நடுவில் இருக்கிற எங்க பக்கம் ஆத்து வண்டல். பத்தடிக் குழி பெசன்ட் நகரில் ஏன் வேலை செஞ்சுதுன்னு புரிஞ்சுடுச்சு.

ஆனா வண்டல்னா மணலும் வண்டல்தான், களியும் வண்டல்தான். அது எதுன்னு 50,000-க்கு ஒண்ணு மேப் சொல்லாது. மாமா மேப்பை உத்துப் பாத்துட்டு, "நிறம் நிறமா நல்லாத்தான் இருக்கு. என் குழிக்கு என்ன பதில்?"னார்.

பதில் நிலவியல் மேப்பில் இல்லை. ரோடு மேப்பில் இருந்துச்சு, அதுவும் பழைய ரோடு மேப்பில்.

1893-ல் கான்ஸ்டபிள் கம்பெனி போட்ட இந்தியா கை அட்லஸை சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய மின்நூலகம் வச்சிருக்கு. சென்னை நகர பிளான் ஒண்ணு அதில் உண்டு. அந்தக் காலத்து சென்னை மேப் எதை எடுத்தாலும் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வடக்கு தெற்கா நீளமா ஒரு நீல உடம்பு படுத்திருக்கும். 'லாங் டேங்க்'. மாம்பலம் ஏரி. அதுக்கு வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி. படகுப் போட்டி எல்லாம் நடந்திருக்கு இந்த ஏரியில். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்துச்சு. ஊர் பெருகுது, வீடு கட்ட இடம் இல்லை, ஏரியை வடிச்சு மனை போட்டாங்க. பனகல் ராஜா முதல் மந்திரியா இருந்த காலம். 1925-ல் காலமான நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பேரைப் புது ஊருக்கு வச்சாங்க. தியாகராய நகர். ராஜா பேர் பார்க்குக்குப் போச்சு. நுங்கம்பாக்கம் ஏரிப் பக்கம் மிச்சம் இருந்த இடத்தில்தான் 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழும்பிச்சு.

இதெல்லாம் சென்னை வரலாறு படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச சேதிதான். எனக்கும் தெரியும், வருஷக்கணக்கா தெரியும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு இருக்கு, லேக் ஏரியான்னே ஒரு பகுதி இருக்கு, 'ஏரி எங்கடா'ன்னு நாமளே ஜோக் அடிச்சிருக்கோம். ஆனா அந்த ஏரியையும் மாமா வீட்டுக் குழியையும் சேர்த்து யோசிக்கத் தோணலை பாருங்க.

ஒரு ராத்திரி உட்கார்ந்து பழைய மேப்பைப் புது மேப் மேல பொருத்தினேன். இதுக்கு இடம் மாறாத புள்ளிகள் வேணும். சாந்தோம் சர்ச், கபாலீசுவரர் கோயில் குளம், பரங்கிமலை, சைதாப்பேட்டையில் அடையாத்துப் பாலம். இந்தப் பாலத்துக்கு அப்ப மர்மலாங் பாலம்னு பேர். மாம்பலம்தான் வெள்ளைக்காரன் வாயில் மர்மலாங் ஆச்சாம். இப்போ அது மறைமலை அடிகள் பாலம். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயையும் புள்ளியா எடுத்துக்கலாம், ஆனா கவனம்: கூவத்தையும் அடையாத்தையும் இணைக்கிற அந்தத் துண்டு 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையா வெட்டினது. அதுக்கு முன்னாடி வந்த ஃபுட்டோட மேப்பில் அதைத் தேடினா கிடைக்காது. நான் அரை மணி நேரம் தேடினேன், ஹிஹி.

பொருத்தி முடிச்சதும் மாமா வீடு நீலத்துக்குள்ள இருந்துச்சு. பழைய மேப், ஐம்பது நூறு மீட்டர் முன்னே பின்னே தள்ளும்தான். ஆனா எவ்வளவு தள்ளினாலும் கரைக்கு வெளியே வரலை.

ஏரின்னா நூறு நூறு வருஷமா ஒவ்வொரு மழைக்கும் கலங்கல் தண்ணி வந்து நின்னு, மெல்லிசான களி அடியில் படிஞ்சுக்கிட்டே இருக்கும். கரையை உடைச்சுத் தண்ணியை வெளியேத்தலாம். களியை யார் அள்ளினாங்க? அது அப்படியேதான் கிடக்கு, மேலே ரோடு, கடை, கல்யாண மண்டபம். நாங்க தோண்டின பத்தடிக் குழி அந்தக் களிக்குள்ளயே ஆரம்பிச்சு களிக்குள்ளயே முடிஞ்சிருக்கு. தொட்டி கட்டினா மாதிரி.

இது என் ஊகம்தான். நிச்சயம் பண்ணிக்க, கிணறு தோண்டுற ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தோம். நாற்பது வருஷமா இந்தப் பக்கத்தில் உறை கிணறு இறக்குறவர். நான் லேப்டாப்பைத் திறக்கிறதுக்குள்ள அவர் குழி ஓரத்து மண்ணைக் கையில் எடுத்து உருட்டினார். முறுக்கு மாதிரி நீளமா திரிஞ்சுது.

"ஏரி களி சார் இது. அடையாறு தாண்டினா மணலு, தரமணி போனா பாறை, இங்க களி. இருபது இருபத்தஞ்சு அடிக்கு இதே வரும். அதுக்குக் கீழ மணலு இருக்கும், அங்க விட்டாத்தான் தண்ணி குடிக்கும்."

மூணு மாசம் நான் ராக்கண் முழிச்சுத் தேடினதை மனுஷர் மூணு வரியில் சொல்லி முடிச்சிட்டார். மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

ஆனா ஒண்ணு. அவருக்கு அவர் தோண்டின இடம் தெரியும். களி எந்தத் தெருவோட நிக்குதுன்னு கேட்டப்ப அவருக்கே சந்தேகம், அங்கே மேப் உதவிச்சு. பக்கத்து ரோட்டில் ரெண்டு வீட்டுக்கு அவர் இறக்கின கிணறுகளை என் மேப்பில் புள்ளி வச்சோம். ஒண்ணு ஏரிக்குள்ள, களி ஆழமா வந்ததாம். இன்னொண்ணு கரை ஓரம், பன்னிரண்டு அடியிலேயே மணல் தட்டிச்சாம். அப்ப அது ஏன்னு புரியலை சார்னார். கரைக்கோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார்.

வேலை இப்படி முடிஞ்சுது. அதே பத்தடிக் குழிகளுக்கு நடுவில் கைபோர் போட்டோம். இருபத்து மூணு அடி வரைக்கும் கறுப்புக் களி, அப்புறம் சாம்பல் நிறத்தில் பொடி மணல். அதில் ஓட்டை போட்ட பிவிசி குழாய் இறக்கி, சுத்தி கூழாங்கல். மொட்டை மாடித் தண்ணி மட்டும்தான் உள்ளே போகணும், கார் நிறுத்துற இடத்துத் தண்ணியை விட்டா எண்ணெயும் சாக்கடையும் நேரா நிலத்தடி நீருக்குப் போயிடும்னு பெரியவர் கறாரா சொல்லிட்டார். ரெண்டாவது தடவை வசூல்னதும் சங்கத்தில் சண்டை. முதல் காண்டிராக்டர் கிட்ட ஒரு பைசா திரும்ப வரலை. மாமா பாதிப் பணம் கைக்காசு போட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பொய் சொல்லக்கூடாது, தெருத்தண்ணி உள்ளே வந்துச்சு. ஏரி இருந்த பள்ளம், சுத்துப்பட்டுத் தண்ணிக்கு இன்னும் அதுதான் இடம், மாம்பலம் கால்வாய் நிரம்பினா நாலு குழி என்ன செய்யும்? ஆனா மொட்டை மாடித் தண்ணி அதோட சேரலை. குழி ராத்திரி ரொம்பினா காலையில் காலி. தேங்கினது ரெண்டாம் நாளே வடிஞ்சுது. பாட்டிக்கு அந்த வாரம் டயாலிசிஸ் தப்பலை.

நீங்களும் பாக்கணும்னா: முதல்ல உங்க தெருவுக்கு எவ்வளவு பழைய மேப் கிடைக்குமோ அதைத் தேடுங்க, அப்புறம் பூகோஷ், அப்புறம் பக்கத்தில் போர் போட்டவங்க கிட்ட எத்தனாவது அடியில் என்ன வந்துச்சுன்னு கேளுங்க. இந்த மூணாவதை எந்தக் களஞ்சியத்திலும் காணோம், வீட்டு வீட்டுக்கு டைரியில் கிடக்கு. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் பழைய மேப்புகள் உண்டு, ஆய்வுக்குன்னு அனுமதி வாங்கிக்கிட்டுப் போகணும். இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக பனகல் பார்க் பக்கம் மண் பரிசோதனை துளை போட்டப்ப, டிரே டிரேயா மண்ணை அடுக்கி வச்சிருந்தாங்க. கறுப்பா, பளபளன்னு. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்ததில் செக்யூரிட்டி வந்து "என்ன சார் வேணும்?"னு கேட்டுட்டார்.

பொருத்தின மேப்பை மாமா ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணி வாட்ச்மேன் ரூமில் மாட்டி வச்சிருக்கார். நீலத்துக்கு நடுவில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'நம்ம வீடு, களி 23 அடி'. போன வாரம் எதிர் அடுக்ககத்துச் செக்ரட்டரி வந்து ஃபோட்டோ எடுத்துட்டுப் போனாராம்.

பி.கு.: மாமா இப்ப 1873 மேப்பில் அவர் பொறந்த ஊரைத் தேடிக்கிட்டிருக்கார். பாலாற்றுக்குத் தெற்கே, அந்தத் தாளில் வராதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறார்.